ஸ்டெல்வியோ கணவாய்க்குச் சைக்கிளில்: முதல்முறை போகிறவர்களுக்கு

இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் ஸ்டெல்வியோவுக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை மே மாதம் மூன்றாம் வாரம். விசா, டிக்கெட், அறை, வாடகைச் சைக்கிள் எல்லாம் சரியாக இருந்தன. கணவாய் மட்டும் திறந்திருக்கவில்லை. டிராஃபோய் ஊரைத் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே தடுப்பு, அதற்கு அப்பால் பனி. இரண்டாவது முறை செப்டம்பரில் ஏறி முடித்தேன். ஆனால் இறங்கும்போது விரல்கள் மரத்துப் பிரேக் பிடிக்க முடியாமல், சாலையோரம் நின்று கைகளை அக்குளில் செருகிக்கொண்டு கால் மணி நேரம் நடுங்கினேன். இந்த இரண்டும் உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

வரைபடத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இத்தாலியின் வடக்கு மூலையில் தெற்கு டைரோல், அதில் வின்ஷ்காவ் பள்ளத்தாக்கு. அங்கே குளூர்ன்ஸ் என்று ஒரு சிற்றூர். மக்கள்தொகை ஏறத்தாழ 900. மதில் சுவர் முழுதாக நிற்கிறது. மூன்று வாயில்களில் ஒன்றின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். இந்த ஊரிலிருந்து பிராட், அங்கிருந்து ஸ்டெல்வியோ (2,757 மீட்டர்), மறுபக்கம் கொஞ்சம் இறங்கி உம்பிரைல் கணவாய் (2,501 மீட்டர்), அதன் வழியே சுவிட்சர்லாந்துக்குள் சாண்டா மரியா, மியூஸ்டையர், மறுபடி இத்தாலி, மறுபடி குளூர்ன்ஸ். மொத்தம் 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தூரம் குறைவுதான், ஏற்றம் மட்டும் ஏறத்தாழ 1,900 மீட்டர்.

1. முதலில் தேதி, பிறகுதான் டிக்கெட்

குளிர்காலம் முழுக்க ஸ்டெல்வியோ மூடிக் கிடக்கும். மே கடைசியிலோ ஜூனிலோ திறப்பார்கள். எந்த நாள் என்பது அந்த ஆண்டுப் பனியைப் பொறுத்தது. அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம் வாக்கில் மூடுவார்கள். உம்பிரைலும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான், ஆனால் அது சுவிஸ் சாலை. திறப்பதும் மூடுவதும் அவர்கள் கையில். இரண்டு நிலவரத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்.

என் சிபாரிசு ஜூன் கடைசி வாரம் அல்லது செப்டம்பர் முதல் பாதி. ஜூலையும் ஆகஸ்டும் வெயிலுக்கு நல்லவை, சாலைக்கு மோசம். ஆகஸ்ட் 15 இத்தாலியில் பெரிய விடுமுறை. அதை ஒட்டிய வாரங்களில் அறை கிடைப்பதே பாடு. சனி ஞாயிறுகளில் மோட்டார்சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாக ஏறும். செவ்வாய், புதன், வியாழனில் ஏறுகிறமாதிரி பயணத்தை அமையுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, வழக்கமாக ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஒரு சனிக்கிழமை, கணவாய்ச் சாலையை மோட்டார் வண்டிகளுக்கு மூடிச் சைக்கிள்களுக்கு மட்டும் விடுகிறார்கள். கட்டணம் கிடையாது. அந்தத் தேதி உங்களுக்கு ஒத்துவந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே பிடியுங்கள். அறையை மட்டும் பல மாதங்களுக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

எந்த மாதமானாலும் மலைக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்காதீர்கள். குறைந்தது நான்கு இரவு தங்குங்கள். மழை பெய்தால் மறுநாள் என்று தள்ளிப்போட இடம் இருக்க வேண்டும்.

2. விசா

இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான பொது விசா) வேண்டும். இத்தாலியும் சுவிட்சர்லாந்தும் இரண்டுமே ஷெங்கனுக்குள் இருப்பதால், உம்பிரைலில் எல்லை தாண்டுவது வெளியேறி மறுபடி நுழைவதாகக் கணக்காகாது. இதற்காக மல்டிபிள் என்ட்ரி கேட்க வேண்டியதில்லை.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நீங்கள் சூரிக்கிலோ மியூனிக்கிலோ போய் இறங்கலாம். ஆனால் அதிக நாள் தங்குவது இத்தாலியில் என்றால் விண்ணப்பம் இத்தாலிக்குத்தான். நாட்கள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. என் நண்பர் ஒருவர் விமானம் சூரிக்குக்குப் போகிறது என்பதற்காகச் சுவிஸ் விசாவுக்குப் போய், அறை முன்பதிவு முழுக்க இத்தாலியில் இருப்பதைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டார். இரண்டு வாரம் வீண்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு 45. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். முடிவுக்கு வழக்கமான கெடு 15 நாள், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். கோடையில் நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதே பெரும்பாடு என்பதால் மூன்று மாதம் முன்பே இறங்கிவிடுங்கள்.

பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும்.

இன்னொரு சிறு குழப்பம். தெற்கு டைரோலில் ஒவ்வொரு ஊருக்கும் ஜெர்மனில் ஒரு பெயர், இத்தாலியனில் ஒரு பெயர். குளூர்ன்ஸ்தான் குளோரென்ட்சா. பிராட்தான் பிராத்தோ. மால்ஸ்தான் மால்லெஸ். ஷ்டில்ஃப்ஸர்யோக் என்று பலகையில் கண்டால் அதுதான் ஸ்டெல்வியோ. அறை முன்பதிவில் ஒரு பெயரும் பயணத் திட்டத்தில் இன்னொரு பெயரும் இருந்தால் பார்க்கிறவருக்கு இரண்டு ஊராகத் தெரியும். விண்ணப்பம் முழுக்க ஒரே பெயரை வையுங்கள். நான் இத்தாலியப் பெயரையே எழுதினேன்.

2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறை வந்திருக்கிறது. இறங்கியதும் அரை மணி நேரத்தில் அடுத்த ரயில் என்று டிக்கெட் போடாதீர்கள்.

3. இன்சூரன்ஸ்: சிறிய எழுத்தைப் படியுங்கள்

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். மலிவான பாலிசி எதுவும் அதற்குப் போதும். ஆனால் அது விசாவுக்குப் போதுமான பாலிசி. மலைக்குப் போதுமானதா என்பது வேறு கேள்வி. "சாகச விளையாட்டுகள் நீங்கலாக" என்ற வரி பல பாலிசிகளில் இருக்கிறது. சாலையில் சைக்கிள் ஓட்டுவது அதற்குள் வருமா, ஹெலிகாப்டர் மீட்புச் செலவு உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்று சொல்வதற்கு மதிப்பில்லை.

4. சொந்தச் சைக்கிளா, வாடகையா

ஒரு வாரத்துக்குக் குறைவான பயணம் என்றால் வாடகைதான். பிராட், மால்ஸ் இரண்டிலும் கிடைக்கும். நல்ல ரோடு பைக்குக்கு நாளொன்றுக்கு 40 முதல் 70 யூரோ வரை எதிர்பாருங்கள். முன்பே எழுதி, உங்கள் உயரத்தையும் ஃபிரேம் அளவையும் சொல்லி உறுதி செய்யுங்கள். போய்க் கேட்டால் மலைச் சைக்கிளும் மின் சைக்கிளும்தான் மிச்சமிருக்கும். பெடலும் ஷூவும் உங்களுடையதையே கொண்டுபோங்கள்.

சைக்கிள் கையில் வந்ததும் கட்டாயம் பார்க்க வேண்டியது பிரேக். நம் ஊரில் பெரும்பாலான சைக்கிள்களில் வலது கைப்பிடி முன் சக்கரத்துக்கு. அங்கே இடதுதான் முன் சக்கரத்துக்கு. பதற்றத்தில் கை பழக்கப்படித்தான் போகும், இறக்கத்தில் அது ஆபத்து. கடைக்காரரிடம் மாற்றித் தரச் சொல்லலாம். டிஸ்க் பிரேக் என்றால் பெரும்பாலும் மறுப்பார்கள். அப்படியானால் ஒரு மாலை முழுக்கச் சமவெளியில் ஓட்டிக் கையைப் பழக்குங்கள்.

சொந்தச் சைக்கிளைக் கொண்டுபோகிறவர்கள் கிளம்பும் விமான நிலையத்திலேயே இந்தியச் சுங்கத்திடம் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். ஃபிரேமுக்கு அடியில் பொறித்திருக்கும் எண்ணையும், வாங்கிய ரசீதையும் காட்டினால் எழுதித் தருவார்கள். பெட்டியைக் கவுண்டரில் போட்டுவிட்டுப் போனால் சரிபார்க்க முடியாது என்பார்கள், ஆகவே செக்-இன்னுக்கு முன்பே போக வேண்டும். இதற்கென்று ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால், அது வெளிநாட்டில் வாங்கியதல்ல என்று நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. விளக்கு, மின் கியர், பவர் பேங்க் ஆகியவற்றின் தனி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும். கேஸ் அடைத்த காற்றுக் குப்பிகளை வீட்டிலேயே விட்டுவிட்டுச் சின்னப் பம்ப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

5. போய்ச் சேருவது

இரண்டு வழி. மியூனிக்கில் இறங்கினால் ரயிலில் இன்ஸ்புரூக், பிரென்னர் வழியாக போல்ட்சானோ, அங்கிருந்து மெரானோ, அங்கிருந்து வின்ஷ்காவ் ரயிலில் மால்ஸ். சூரிக்கில் இறங்கினால் ரயிலில் செர்னெட்ஸ் வரை, பிறகு மஞ்சள் நிறப் போஸ்ட் பஸ்ஸில் ஓஃபென் கணவாயைத் தாண்டி மால்ஸ். இரண்டாவதில் காட்சி அபாரம், கட்டணமும் அபாரம். மால்ஸிலிருந்து குளூர்ன்ஸ் மூன்று கிலோமீட்டருக்குள்.

மெரானோ–மால்ஸ் பாதையில் வேலை நடக்கும் காலங்களில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுகிறார்கள். ரயிலிலேயே சைக்கிளுக்கு இடம் குறைவு. பஸ்ஸில் ஏற்றுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

6. தங்குவது, செலவு

மதிலுக்குள் தங்கினால் அழகு, ஆனால் கல் பாவிய தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடப்பீர்கள். காலையில் சீக்கிரம் ஏற்றத்தைத் தொட வேண்டும் என்றால் பிராட் வசதி. நான் குளூர்ன்ஸில் தங்கியதற்கு வருந்தவில்லை. மாலையில் வாகனச் சத்தம் அடங்கியபின் அந்த ஊர் வேறு மாதிரி.

அறை முன்பதிவில் வராத செலவு ஒன்று உண்டு: ஆளுக்கு, இரவுக்கு என்று சில யூரோ உள்ளூர் வரி. கிளம்பும்போது தனியாகக் கேட்பார்கள். அதே சமயம், தங்குமிடத்தில் "கெஸ்ட் பாஸ்" கேட்டு வாங்குங்கள். அது இருந்தால் தெற்கு டைரோல் முழுக்கப் பஸ், உள்ளூர் ரயில் இலவசம். சைக்கிளுக்கு மட்டும் அதில் இடமில்லை, தனி டிக்கெட் எடுக்க வேண்டும்.

யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். காலை இரவு உணவோடு நடுத்தர அறைக்கு ஆளுக்கு 80 முதல் 120 யூரோ. நான்கு இரவு, மூன்று நாள் சைக்கிள், விசா, இன்சூரன்ஸ், உள்ளூர்ப் போக்குவரத்து எல்லாம் சேர்த்தால் விமான டிக்கெட் நீங்கலாக எழுபதாயிரத்துக்குக் குறைய வாய்ப்பில்லை.

சிற்றூர்க் கடைகள் மதியம் மூன்று மணி நேரம்போல மூடிவிடும், ஞாயிறு பெரும்பாலும் திறக்காது. மறுநாளுக்கான வாழைப்பழம், ரொட்டி, சீஸ் எல்லாம் முந்தின மாலையே வாங்கி வையுங்கள். சைவர்களுக்கு மலைமேல் சீஸ் ரொட்டியும் ஆப்பிள் கேக்கும்தான் கதி.

7. உடம்பும் கியரும்

பிராட்டிலிருந்து உச்சிக்கு 24.3 கிலோமீட்டர், 1,840 மீட்டர் ஏற்றம், சராசரி ஏறத்தாழ 7.6 சதவீதம், 48 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையில் 70 வளைவு ஏறியவன் நான் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் போனேன். வளைவின் எண்ணிக்கை ஒன்றும் செய்யாது. வளைவில்தான் சற்று மூச்சு வாங்க முடியும். ஆளைத் தின்பது நீளம்.

நம் ஊரில் இதற்கு நெருங்கிய சோதனை மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி. முப்பது கிலோமீட்டருக்கு மேல், சுமார் 1,450 மீட்டர் ஏற்றம். இதை நிற்காமல் ஏறி, மேலே போனபின்னும் இன்னும் ஒரு மணி நேரம் மிதிக்கத் தெம்பு இருந்தால் நீங்கள் தயார். அப்போது உங்கள் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு மணி நேரத்தில் எத்தனை மீட்டர் உயரம் ஏறினீர்கள் என்பதுதான் முக்கியம், கிலோமீட்டர் அல்ல.

ஸ்டெல்வியோ உச்சி ஊட்டியைவிட 500 மீட்டர் அதிக உயரம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் கிட்டத்தட்ட 28 சதவீதம் குறைவு. கடைசி ஒரு மணி நேரத்தில் கால் நன்றாக இருக்கும், மூச்சு கிடைக்காது. அதற்குச் சின்ன கியர்தான் மருந்து. முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 34 பல். வாடகைக் கடையில் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பின்னால் 28 போட்ட பந்தய சைக்கிளை நீட்டினால் கூச்சப்படாமல் மறுத்துவிடுங்கள்.

8. ஏறும் நாள்

மணிக்கு 500 மீட்டர் உயரம் ஏறுகிறவருக்கான என் கணக்கு இது. காலை 6:30க்குக் குளூர்ன்ஸில் கிளம்பினால் 6:50க்குப் பிராட். கோமகோய் (1,266 மீட்டர்) 7:30 வாக்கில். டிராஃபோய் (1,543 மீட்டர்) 8 மணிக்குச் சற்றுப் பின். ஃபிரான்ட்சென்ஸ்ஹோஹெ (2,188 மீட்டர்) 9:25. உச்சி 10:30. நிற்கும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டால் 11. இதைவிடத் தாமதமாகக் கிளம்பினால் கார்களும் பஸ்களும் உங்களோடு ஏறும். மதியத்துக்குமேல் இடி மழை வாய்ப்பும் கூடும்.

அங்கே சாலையின் வலப்பக்கம்தான் போக வேண்டும். எனவே ஏறும்போது வலது பக்கம் திரும்பும் வளைவுகளில் உங்களுக்கு உட்புறம் வரும், அது செங்குத்து. இடது பக்கம் திரும்பும் வளைவுகள் அகலமாக, லேசாக இருக்கும். பெரிய பஸ் வளைவில் திரும்பும்போது சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அதன் ஹாரன் மேலே கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரம் ஒதுங்கி நில்லுங்கள்.

வளைவுகளுக்கு எண் போட்டிருக்கிறார்கள். 48இல் தொடங்கி உச்சியில் 1. முதல் எட்டு கிலோமீட்டரில் ஒரு எண்ணும் வராது, நேர்ச்சாலை. "இவ்வளவுதானா" என்று அங்கே வேகம் எடுத்தவர்களைத்தான் பிறகு மேலே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கப் பார்த்தேன். ஃபிரான்ட்சென்ஸ்ஹோஹெ வந்ததும் மரங்கள் முடிந்து, மிச்சமிருக்கும் சாலை முழுவதும் சுவரில் கோலம் போட்டதுபோல் தலைக்குமேல் தெரியும். அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஏறாதீர்கள். கடைசி 7 கிலோமீட்டரில் மட்டும் 570 மீட்டர் ஏற்றம் இருக்கிறது.

தண்ணீர் டிராஃபோயிலும் ஃபிரான்ட்சென்ஸ்ஹோஹெயிலும் நிரப்பிக்கொள்ளலாம். ஊர்க் குழாய்களில் "கைன் ட்ரிங்க்வாசர்" என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாத தண்ணீர். சட்டைப்பையில் அசல் பாஸ்போர்ட், கொஞ்சம் ரொக்கம், ஒரு கார்டு. எல்லை தாண்டப் போகிறீர்கள், ஃபோட்டோ நகல் போதாது.

9. இறக்கம்

ஏறுவதற்கு ஆறு மாதம் பயிற்சி எடுக்கிறோம். இறங்குவதற்கு ஒரு மாலை நேரம்கூட ஒதுக்குவதில்லை. கீழே 25 டிகிரி இருந்தால் மேலே ஏறத்தாழ 13. வியர்த்த உடம்போடு மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது அது பூஜ்யம்போல அறையும். முழுவிரல் கையுறை, காற்றுத் தடுப்பு ஜாக்கெட், காதை மூடும் துணி, மாற்ற ஒரு உலர்ந்த உள்பனியன். இந்த நான்கும் சட்டைப் பின்பையில் அடங்கும். நான் கையுறையை அறையில் வைத்துவிட்டுப் போனவன். உச்சிக் கடைகளில் வாங்கலாம், மலை விலை.

உச்சியில் பத்து நிமிடத்துக்குமேல் வெளியே நிற்காதீர்கள். உடை மாற்றி, சூடாக ஏதாவது குடித்து, புறப்படுங்கள். மறுபக்க அடிவாரத்தில் இருக்கும் போர்மியோ ஊர்ப் பக்கமாக மூன்று கிலோமீட்டர் இறங்கியதும் வலது கையில் உம்பிரைலுக்குப் பிரியும் சாலை, பக்கத்திலேயே சுங்கச் சாவடிக் கட்டடம். வேகத்தில் இதைத் தவறவிட்டால் நேரே போர்மியோவில்தான் போய் நிற்பீர்கள், 1,225 மீட்டரில். அங்கிருந்து திரும்ப வேண்டுமானால் மறுபடி ஏறத்தாழ 1,300 மீட்டர் ஏற வேண்டும். ஆகவே அந்த மூன்று கிலோமீட்டரை மெதுவாக இறங்குங்கள்.

உம்பிரைலிலிருந்து சாண்டா மரியாவுக்கு 13 கிலோமீட்டர், சராசரி 8 சதவீதத்துக்கு மேல். மேலே புல்வெளி, பார்வை தெளிவு. கீழ்ப்பாதி காடு, வளைவுகள் இறுக்கம், நிழலில் ஈரம். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வராதீர்கள், சூடேறிவிடும். நேர்ச்சாலையில் விட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். கை வலித்தால் நின்றுவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதற்குள் உங்கள் கைபேசி சுவிஸ் வலையமைப்புக்கு மாறியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இலவச ரோமிங் என்று விற்கும் சிம்முக்குச் சுவிட்சர்லாந்து வெளிநாடு. எனக்கு வந்த பில்லில் இரண்டு இரவு உணவு சாப்பிட்டிருக்கலாம். உச்சியிலேயே டேட்டாவை அணைத்துவிட்டு, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவசர எண் 112 இரு நாட்டிலும் வேலை செய்யும்.

சாண்டா மரியாவில் பிரதான சாலையைத் தொட்டதும் வலது பக்கம் திரும்புங்கள். இடது பக்கம் போனால் ஓஃபென் கணவாய். மியூஸ்டையர் தாண்டி எல்லைச் சாவடி. அங்கே நிறுத்தினால் பாஸ்போர்ட்டை நீட்டுங்கள், என்னை நிறுத்தவில்லை. பிறகு குளூர்ன்ஸ் வரை இறக்கம்தான்.

10. மிச்ச நாட்களுக்கு

மறுநாள் கால் கெஞ்சும். ரெஷென் ஏரிக்குப் போங்கள்: 1,500 மீட்டர் உயரம், தண்ணீருக்குள் நிற்கும் தேவாலயக் கோபுரம், பெரும்பகுதி தனிச் சைக்கிள் பாதை. மால்ஸ் பக்கம் எதிர்க்காற்று பலமாக வீசும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள். அதற்கும் அடுத்த நாள் தெம்பு இருந்தால் ஓஃபென் கணவாய் (2,149 மீட்டர்), சாண்டா மரியா வழியாகப் போய்த் திரும்பலாம். இதற்கும் பாஸ்போர்ட் வேண்டும், டேட்டாவை அணைக்கவும் வேண்டும்.

சொந்தச் சைக்கிளோடு போனவர்கள் பெட்டியை மூடுவதற்கு முன் டயர், செயின், பெடல் இடுக்கில் ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவித் துடைத்துவிடுங்கள். அந்த ஏற்றுமதிச் சான்றிதழைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். சென்னையில் இறங்கும்போது அது கையில் இருக்க வேண்டும்.